பில்லா: கோட்டு மாறியது, ராஜப்பா எங்கே?

தமிழில் சூப்பர் ஹீரோ படமே வருவதில்லை என்று ஒரு கோஷ்டி ரொம்ப வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறது. அபாண்டம். அதைத் தவிர வேறு என்ன வந்தது என்று கேட்டாலாவது அர்த்தம் இருக்கிறது. ஒரே உதையில் எட்டுப் பேர் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறார்கள், துப்பாக்கிக் குண்டு ஹீரோவுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகிறது, கூலிங் கிளாஸை மாட்டினாலே வில்லனுக்கு வேர்க்கிறது. பறப்பது ஒன்றுதான் பாக்கி. முகமூடியையும் விட்டுவைக்கவில்லை. 2009-ல் 'கந்தசாமி'யில் விக்ரம் சேவல் வேஷம் கட்டினார். 2011-ல் 'வேலாயுதம்' விஜய் தலையில் முக்காடு போட்டார். 2012 ஆகஸ்ட் 31-ல் மிஷ்கின் 'முகமூடி' என்றே பெயர் வைத்து ஜீவாவை இறக்கினார். இதில் எதிலும் முகமூடிக்காக யாரும் கைதட்டவில்லை. உள்ளே இருக்கும் மூஞ்சிக்குத்தான் கைதட்டல். ('முகமூடி'க்கு அதுவும் கொஞ்சம் கம்மி.)

இதற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். அமெரிக்காவில் பேட்மேன் என்பது கம்பெனி சொத்து. மைக்கேல் கீட்டன் போட்ட உடுப்பை வால் கில்மர் போடலாம், ஜார்ஜ் க்ளூனி போடலாம், கிறிஸ்டியன் பேல் போடலாம். ஆள் மாறினாலும் பேட்மேன் மாறமாட்டார். இங்கே தலைகீழ். முகம்தான் முகமூடி. பாட்ஷா என்றால் ரஜினி, ரஜினி என்றால் பாட்ஷா. அந்த உடுப்பை இன்னொருத்தர் போட்டால் அது படம் இல்லை, ஆள்மாறாட்டக் கேஸ்.

அதனால்தான் 2007 டிசம்பர் 14-ல் வந்த 'பில்லா'வை வெறும் ரீமேக் என்று தள்ளிவிட முடியாது. ரஜினி போட்ட கோட்டை அஜித் எடுத்து மாட்டியது தமிழ் சினிமாவில் சாதாரண காரியம் இல்லை. (2021 டிசம்பரில் பட்டப்பெயர் வேண்டாம் என்று அவரே அறிக்கை விட்டுவிட்டதால் இங்கே வெறும் அஜித்தான். ரசிகர்கள் கோபப்பட வேண்டாம்.) உலகம் முழுக்க அப்போது ரீபூட் ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. 2005-ல் கிறிஸ்டோபர் நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்' எடுத்தார். 2006-ல் 'கேசினோ ராயல்' வந்து, டேனியல் கிரெய்க் என்ற இறுக்கமான முகத்துடன் ஜேம்ஸ் பாண்டையே முதல் அத்தியாயத்தில் இருந்து ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த வருஷம் விஷ்ணுவர்தனின் 'பில்லா'. ரீமேக்காரன் பழைய வீட்டுக்கு வெள்ளை அடிப்பான். ரீபூட்காரன் வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதுசாகக் கட்டுவான், மாடி எழுப்பவும் கம்பி விட்டு வைப்பான். பில்லாவுக்கு அந்த மாடி 2012 ஜூலை 13-ல் 'பில்லா 2' என்று எழும்பியது. ஆக, தமிழில் உருப்படியாகப் பேசக்கூடிய ஒரே சூப்பர் ஹீரோ ரீபூட் இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ரஜினி ரசிகர்கள் இதில் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

2007 'பில்லா' பார்ப்பதற்கு அவ்வளவு கச்சிதம். நிரவ் ஷாவின் கேமரா படம் முழுக்க கறுப்பும் எஃகு நீலமுமாக ஒரே மூடைப் பிடித்துவைத்திருக்கிறது. அதுவரை தமிழ் மசாலாப் படம் என்றால் மஞ்சள், பச்சை, ரோஸ் எல்லாம் ஒரே ஃப்ரேமில் அடித்துக்கொள்ளும். இங்கே ஒரு கலர் கூடக் கத்தவில்லை. யுவன் சங்கர் ராஜாவின் தீம் மியூசிக் இன்றைக்கும் பாதிப் பேர் மொபைலில் உயிரோடு இருக்கிறது. ஸ்ரீகர் பிரசாத்தின் எடிட்டிங்கில் கதை எங்கேயும் உட்கார்ந்து மூச்சு வாங்குவதில்லை. பிரபு வந்து நின்றாலே காட்சிக்கு ஒரு எடை வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அஜித்தின் அடக்கம். அதே 2007 பொங்கலுக்குத்தான் 'ஆழ்வார்' வந்தது. அதில் கடவுள் வேஷங்கள் கட்டிக்கொண்டு வில்லன்களைத் தீர்த்துக்கட்டுவார். சூப்பர் ஹீரோ ஆசை அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது, படம்தான் படுத்துவிட்டது. அந்த ஆள் பதினோரு மாசத்தில் இப்படி வாயை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு தசையும் அசையாமல், நடந்து வருவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? படம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறார் என்று கிண்டல் அடித்தவர்கள் ஏராளம். நடக்கட்டுமே. ஹீரோ என்றால் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்றிருந்த ஊரில், நடையை வைத்தே ஒருத்தர் பயம் காட்டினார் என்றால் அது சாதனைதான். ரஜினியைக் காப்பி அடிக்காமல் ரஜினி படத்தில் நடிப்பது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இருந்திருக்க முடியாது. ரஜினியின் வேகத்துக்குப் போட்டி போடாமல் மெதுவாகி நின்றது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். 2006-ல் ஷாருக் கான் நடித்து ஃபர்ஹான் அக்தர் எடுத்த இந்தி 'டான்' கடைசியில் ஒரு பல்டி அடித்தது. செத்ததாக நினைத்த டான் சாகவே இல்லை, இத்தனை நேரம் பார்த்த அப்பாவி அப்பாவியே இல்லை என்று கையை விரித்தார்கள். தமிழ் 'பில்லா' அந்தப் பல்டியைக் கடன் வாங்கவில்லை. இங்கே பில்லா உண்மையிலேயே செத்துப்போகிறான். அவன் இடத்தில் உட்காரும் சாதாரண ஆள் கடைசிவரை சாதாரண ஆளாகவே இருக்கிறான். கதைக்கு இது நேர்மை. ஆனால் வியாபாரத்துக்கு ஒரு சிக்கல்: செத்தவனை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. அதனால்தான் 'பில்லா 2' முன்னால் போகாமல் பின்னால் போனது.

சரி, இனி சண்டை.

1980 ஜனவரி 26-ல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில், கே. பாலாஜி தயாரிப்பில் வந்து வெள்ளிவிழா கொண்டாடிய 'பில்லா'வும் சுயம்பு கிடையாது. 1978-ல் சலீம்-ஜாவேத் எழுதி, சந்திரா பாரோட் இயக்கி, அமிதாப் நடித்த 'டான்' படத்தின் தமிழ்தான் அது. அதைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேர்தான் பில்லா, படம் ராஜப்பாவுடையது. தாதா பில்லா ஆரம்பத்திலேயே போய்ச்சேர்ந்துவிடுவான். அதற்கப்புறம் ஓடுவது தெருவில் ஆடிப்பாடிப் பிழைக்கும் ராஜப்பாவின் கதை. வெற்றிலை எச்சிலும் வேட்டியுமாக இருக்கும் அந்த ஆளை ஒரு டி.எஸ்.பி. பிடித்துக் கோட்டு சூட்டு மாட்டி, கொள்ளைக்கூட்டத்துக்குள் அனுப்புகிறார். கூலி என்ன? ராஜப்பா எடுத்து வளர்க்கும் இரண்டு அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. அவ்வளவுதான். அந்த டி.எஸ்.பி.யும் செத்துப்போக, நான் பில்லா இல்லை, ராஜப்பா என்று சொன்னால் நம்ப உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. போலீஸும் துரத்துகிறது, கூட்டமும் துரத்துகிறது. கையில் ஒரு கார்டு இல்லை, ஒரு சாட்சி இல்லை.

அந்தப் பயம்தான் படம். பில்லாவின் கோட்டு அந்தப் பயத்தைச் சுற்றித் தைத்தது. கோட்டு போட்டவன் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிறான் என்று தியேட்டருக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் ரஜினி விளையாடினார். பில்லாவாக நடிக்கும் ராஜப்பாவின் உடம்பில் எங்கேயாவது ஒரு மூலையில் ராஜப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

தருமபுரி மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ பேக்கரி வேலைக்கோ பஸ் ஏறாத ஆள் இல்லாத தெரு அபூர்வம். மேஸ்திரி சொன்ன இடத்துக்குப் போகவேண்டும், சொன்ன வேலையைச் செய்யவேண்டும். கூட்டிப்போன ஆள் நடுவில் காணாமல் போனால் சம்பளத்தை யாரிடம் கேட்பது என்றே தெரியாது. பிள்ளை படிக்கட்டும் என்ற ஒரே காரணத்துக்காக முன்பின் தெரியாத வேலைக்கு ஒத்துக்கொள்ளும் ராஜப்பாக்கள் இங்கே தினமும் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

2007-ல் ராஜப்பாவுக்கு வேலு என்று பேர் மாறியது. பேரோடு ஆளும் மாறிவிட்டான். வேலு கலகலப்பாக வருகிறான், ஆடுகிறான், அவனும் ஒரு சின்னப் பையன் படிப்புக்காகத்தான் ஒத்துக்கொள்கிறான். கதை அதேதான். ஆனால் கோட்டு மாட்டிய அடுத்த நிமிஷம் வேலு ஆவியாகிவிடுகிறான். அதற்கப்புறம் திரையில் நடப்பது பில்லாவா, பில்லாவாக நடிக்கும் வேலுவா என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க யாருக்கும் அவசரமும் இல்லை, கேமராவுக்கும்கூட. ஸ்டைலைக் காப்பாற்றுவதற்காக நடுக்கத்தை எடுத்துவிட்டார்கள். முன்னால் பாராட்டிய அதே அடக்கம் இங்கே எதிரியாகத் திரும்புகிறது. முகத்தில் தசை அசையாத பில்லா நல்ல பில்லா. முகத்தில் தசை அசையாத வேலு வெறும் பொம்மை.

வேலுவாவது பாதி இருக்கிறான். 1980-ல் தேங்காய் சீனிவாசன் செய்த பாத்திரம் புதுப் படத்தில் சுத்தமாகக் காணோம். மனைவியின் வைத்தியச் செலவுக்காகத் திருடப் போய், மாட்டி, ஜெயிலுக்குப் போய், பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு வருகிறவன் அவன். 'டான்' கதையில் எழுதி வைத்த அந்த ஆள் மசாலாவுக்காகச் செருகியவன் இல்லை. பணம் இல்லாதவனுக்குச் சட்டம் எப்படி நடக்கிறது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். ஸ்லிம்மாக இருக்கவேண்டும் என்று அவனை வெட்டினார்கள். பழைய படத்தின் டைரி பென் டிரைவ் ஆனது, காலத்துக்கேற்ற மாற்றம், சரி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாதவன் மட்டும் 2007-ல் காலாவதி ஆகிவிட்டானா என்ன?

பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும், குட்வில் என்று ஒரு ஐட்டம் வரும். கையில் பிடிக்க முடியாது, கண்ணில் காட்ட முடியாது, ஆனால் புதுப் பார்ட்னர் உள்ளே வரும்போது அதற்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். அந்தப் பணம் பழைய பார்ட்னர்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். ரஜினியின் குட்வில்லுக்கு அஜித் படம் ஒழுங்காகப் பணம் கட்டியது. இரண்டு பழைய பாட்டை ரீமிக்ஸ் பண்ணினார்கள், பேரை மரியாதையோடு பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் குட்வில்லைச் சம்பாதித்துக் கொடுத்த இன்னொரு பார்ட்னர் ராஜப்பா. அவன் கணக்கில் நயா பைசா வரவில்லை. வாராக் கடன் மாதிரி எழுதித் தள்ளிவிட்டார்கள்.

இப்போது மலேசியாவுக்கு வருவோம். புது 'பில்லா' நடப்பது மலேசியாவில். கண்ணாடிக் கட்டடம், வழுக்கிக்கொண்டு போகும் கார், ஹெலிகாப்டர் ஷாட். அந்த ஊர்த் தமிழர்களை எங்கே பார்க்கலாம்? பத்துமலை முருகன் கோயிலில் எடுத்த பாட்டில் கும்பலாக ஆடுகிறார்கள். வேறு எங்கே? அவ்வளவுதான்.

படம் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்னால், 2007 நவம்பர் 25-ல், அதே மலேசியாவின் தமிழர்கள் ஹிண்ட்ராஃப் அமைப்பின் பின்னால் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள். ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகக் கூட்டிப்போய் அப்படியே கைவிட்ட பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு மனு கொடுக்கவேண்டும் என்பது திட்டம். கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும் பதிலாக வந்தன. அதற்கு முந்தைய ராத்திரி கூடியவர்கள் எங்கே கூடினார்கள் தெரியுமா? அதே பத்துமலையில். அங்கேயும் கேட்டைப் பூட்டிவிட்டுக் கண்ணீர்ப் புகை. டிசம்பர் 13-ல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் இங்கே 'பில்லா' முதல் காட்சி. பால் அபிஷேகம்.

படத்தின் ஷூட்டிங் அதற்கெல்லாம் முன்னாலேயே முடிந்துவிட்டது, அதனால் அந்தச் செய்தி படத்தில் இல்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தத் தமிழர்களின் நிலைமை நவம்பர் 25-ல் திடீரென்று முளைக்கவில்லையே. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களில் சேலம் ஜில்லாக்காரர்கள் நிறைய. 1965 வரை தருமபுரியும் அந்த ஜில்லாதான். ராஜப்பாவை மலேசியாவுக்கு மாற்றுகிறோம் என்று முடிவு பண்ணிய நிமிஷம், கதை தன்னால் கையில் வந்து விழுந்திருக்கிறது: தோட்டத்தில் இருந்து நகரத்துக்குத் தள்ளப்பட்ட ஒரு தமிழன், அடையாள அட்டைக்கு அலைகிறவன், அவனைப் போலீஸே தாதாவாக மாற்றி அனுப்புகிறது. ராஜப்பாவின் பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உலகத்திலேயே கிடையாது. கிடைத்த ஊரில் இருந்து ஹெலிகாப்டர் ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இதையே 'பில்லா 2' பெரிய அளவில் செய்தது. அதைச் சொல்வதற்கு முன் சூப்பர்மேனைப் பற்றிக் கொஞ்சம்.

சூப்பர் ஹீரோக்களுக்கெல்லாம் பெரியண்ணன் சூப்பர்மேன். 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு யூத இளைஞர்கள் உருவாக்கியது. இருவருமே பிழைப்புத் தேடி வட அமெரிக்கா வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் எழுதிய கதை என்ன? அழியப்போகும் கிரகத்தில் இருந்து ஒரு குழந்தையை மட்டும் தப்பவைத்து அனுப்புகிறார்கள். யாரோ ஒரு விவசாயக் குடும்பம் எடுத்து வளர்க்கிறது. வெளியே தெரிந்தால் ஆபத்து என்று தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு வாழ்கிறான். அகதிக் கதைதானே இது! 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் எடுத்த புது 'சூப்பர்மேன்' வந்தபோது, இது வேறு இடத்தில் இருந்து வந்து குடியேறிய ஒருவனின் கதை என்று அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அங்கே ஒரு கூட்டம் தாம்தூம் என்று குதித்தது. எண்பத்தேழு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, இவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

'பில்லா 2' அந்த மூலக்கதையைத் தமிழில் சொல்லும் வாய்ப்பைப் பெற்ற படம். சக்ரி டோலெட்டி இயக்கம். டேவிட் என்ற பையன் இலங்கைப் போரில் எல்லாவற்றையும் இழந்து, படகேறி, தமிழ்நாட்டுக்கு அகதியாக வருகிறான். அந்த டேவிட்தான் பிற்பாடு பில்லா. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றே வருஷம். பெரிய ஸ்டார் ஒருவர் ஈழ அகதியாக நடிக்கிறார் என்றால் அது என்ன பேச்சு! அந்த ஒரு மாசத்தில் தியேட்டர்கள் ரீபூட் கண்காட்சியாகவே இருந்தன. ஜூன் 29-ல் 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்', ஜூலை 13-ல் 'பில்லா 2', ஜூலை 20-ல் 'தி டார்க் நைட் ரைசஸ்'. மூன்றிலும் அப்பா அம்மா இல்லாத பையன்தான் ஹீரோ. நிஜத்தில் நடந்த கதை கையில் இருந்தது நடுவில் இருந்த ஒன்றுக்குத்தான்.

அந்தப் படம் என்ன செய்தது? 1983-ல் பிரையன் டி பால்மா எடுத்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் ஆரம்பத்தை எடுத்துக்கொண்டது. கியூபாவில் இருந்து படகில் வந்து, முகாமில் கிடந்து, போதைப்பொருள் ராஜா ஆகும் டோனி மொன்டானாவின் கதை. எடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் அல் பாசினோ அந்தக் கியூபா உச்சரிப்பைப் படம் முழுக்க விடவேயில்லை. எவ்வளவு பணம் சேர்த்தாலும் அவன் வந்தேறி என்பது வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். நம்ம டேவிட் வாயைத் திறந்தால் சுத்தமான சென்னை சினிமாத் தமிழ். இலங்கைத் தமிழ் என்று ஒன்று இருப்பதையே படம் மறந்துவிட்டது. 2000-த்தில் 'தெனாலி'யில் காமெடிக்காகவாவது கமல் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தார்.

முகாம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு மோசமான இன்ஸ்பெக்டர், ஒரு பழிவாங்கல், அப்புறம் சென்னை, அப்புறம் கோவா, அப்புறம் ஜார்ஜியாவில் பனி. அகதி என்ற சொல் டைட்டில் கார்டு மாதிரி வந்துபோய்விட்டது. இதற்கு மேல் ஒரு பஞ்ச் டயலாக் வேறு: தன் வாழ்க்கையின் ஒவ்வொரு நொடியும் தானே செதுக்கியது என்று டேவிட் மார்தட்டுவான். டிரெய்லரில் வந்த நாளில் இருந்து ஆட்டோ பின்னாடி வரைக்கும் போன வசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் வாயில்? பிறந்த ஊரைக் குண்டு செதுக்கியது, வந்த ஊரில் இருப்பிடத்தை வருவாய்த்துறை செதுக்கியது, எப்போது வெளியே போகலாம் எப்போது திரும்பவேண்டும் என்பதை கியூ பிராஞ்ச் செதுக்கியது. அப்படி ஒருத்தன் எல்லாம் நானே செதுக்கினேன் என்று சொன்னால் அதில் ஒரு கசப்பான சிரிப்பாவது இருக்கவேண்டாமா? படம் அதை அப்படியே நம்பிச் சொல்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் அந்த முகாம்களைத் தேடி ராமேஸ்வரம் போகவேண்டியதில்லை. தும்பலஹள்ளி அணைப் பக்கம் இருக்கிறது, நாகாவதி அணைப் பக்கம் இருக்கிறது. அணை கட்டிய இடத்தை ஒட்டி, ஊரை விட்டுத் தள்ளி. 1983-க்கு அப்புறமும் 1990-க்கு அப்புறமும் படகில் வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளும். தமிழ்நாடு முழுக்க முகாம்களில் மட்டும் 2021 கணக்குப்படி 58 ஆயிரம் பேருக்கு மேல். அந்த ஆகஸ்டில் சட்டசபையில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, அகதிகள் முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்ல காரியம். வீடுகளும் கட்டினார்கள். ஆனால் 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகள்தான் உண்டு. இலங்கை இல்லை. முகாமில் இருந்து காலேஜுக்கு வந்து, எல்லோரையும் போல அரியர் வைத்து, அரியரை முடித்து, டிகிரி வாங்கும் பையனுக்குக் கம்பெனி இன்டர்வியூவில் குடியுரிமைக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வருகிறது. பி.காம். படித்தவன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். பெயிண்ட் வேலை கேவலம் இல்லை, ஆனால் அதற்கு மூன்று வருஷம் கம்பெனி லா படித்திருக்கவேண்டாம்.

பொழுதுபோக்குப் படத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று ஒரு ரெடிமேட் கேள்வி இருக்கிறது. எதிர்பார்க்கவேண்டாம்தான். டேவிட்டை மதுரைக்காரனாகவோ மும்பைக்காரனாகவோ வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். படகையும் முகாமையும் கொண்டுவந்தது படம்தான். அனுதாபத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டது படம்தான். வாங்கிய பிறகு, அகதியாக வந்தவன் கடத்தல்காரன் ஆனான், ஆயுத வியாபாரியோடு மோதினான் என்று கதை சொல்கிறது. முகாம் வாசலில் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் அதிகாரிக்கு இருக்கும் சந்தேகத்தைத்தான் படமும் உறுதி செய்கிறது. கூலிங் கிளாஸ் மாட்டி உறுதி செய்தால் அது புகழ்ச்சி ஆகிவிடுமா?

ஸ்டார் படத்தில் முடியாது, மார்க்கெட் தாங்காது என்பது அடுத்த சால்ஜாப்பு. 2025 மே 1-ல், அதாவது அஜித் பிறந்தநாள் அன்றைக்கே, 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. கல்லூரி முடித்து ரொம்ப வருஷம் ஆகாத வயதில் அபிஷன் ஜீவிந்த் எடுத்த முதல் படம். படகேறி வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று, சென்னையில் தாங்கள் யார் என்று சொல்லாமல் ஒளிந்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் அந்தப் பேச்சைப் பேசுகிறார்கள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்திலேயே பாதி காமெடி, பாதி கண்ணீர். அதாவது ராஜப்பாவின் அதே நடுக்கம்! ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்து ஜெயிக்கவைத்தார்கள். அந்தப் படத்துக்கு ஹெலிகாப்டர் தேவைப்படவில்லை.

'பில்லா 2'-வுக்கு அப்போது தணிக்கையில் ஏ சர்டிபிகேட் கிடைத்தது, ரத்தம் அதிகம் என்று. விமர்சனம் எழுதியவர்களும் ரத்தத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். இன்றைக்கும் முதல் பாகம் மாதிரி இரண்டாம் பாகம் இல்லை என்பதுதான் ரசிகர்களின் ஒரே வருத்தம், ஸ்டைல் குறைந்துவிட்டதாம். ஸ்டைல் அப்படியேதான் இருந்தது. கோட்டும் அதேதான். 1980-ல் கோட்டுக்குள் ராஜப்பா இருந்தான், 2007-ல் பாதி வேலு இருந்தான், 2012-ல் உள்ளே ஆளே இல்லை.

டேவிட் படத்தில் ஜார்ஜியா வரைக்கும் பறக்கிறான். எந்த பாஸ்போர்ட்டில் என்று தியேட்டரில் யாரும் கேட்கவில்லை. தும்பலஹள்ளி முகாமில் பிறந்த பையன் கேட்டிருப்பான்.